உம் கொட்ட ஆளில்லாத மேடை

அந்தப் பிள்ளை ஒரே ஒரு வரி சொன்னாள். சொல்லிவிட்டு மைக்கின் முன்னால் சும்மா நின்றாள்.

மதுரை பசுமலையில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் அரங்கம் அது. அரங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, கடகடவென்று சுற்றும் மின்விசிறிகள், வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். முழுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் என்பதால் வெயில் கூரை வழியாக உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. பெற்றோர்கள் மல்லிகைப்பூவும் வியர்வையுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து மேடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் நின்றவள் தனுஸ்ரீ. என் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், முகத்தில் பாதியை மறைக்கும் மைக்.

"ஒரு ஊர்ல ஒரு பூதம் இருந்துச்சு."

இதுதான் அவள் சொன்ன வரி. சின்னக் குரல்தான், ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அதோடு நிறுத்திவிட்டாள். சபை காத்திருந்தது. அவளும் காத்திருந்தாள்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், மறந்துருச்சு போல" என்றார்.

மறக்கவில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளோடு இருந்தவள், எனக்குத் தெரியாதா? மறந்துபோன பிள்ளை கண்ணை உருட்டும், நாக்கைக் கடிக்கும், கூரையைப் பார்க்கும். இவள் நேராகச் சபையைப் பார்த்தபடி நின்றாள், கடைக்காரர் மீதிச் சில்லறை தருவார் என்று நிற்கிற பிள்ளை மாதிரி.

அவள் எதற்காக நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தால் கதை நகர்ந்துவிடும். ஆனால் நான் வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்க மாட்டாள். பக்கவாட்டுச் சுவரோரம் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

எப்படி இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃப்ரிட்ஜுக்குள் விழும் பனி

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, "எட்டு வயதுப் பிள்ளைக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுக்க முடியுமா? அது தானாக வருவதல்லவா?" என்று கேட்டிருந்தார். தானாக வருவது தும்மல்தான் அம்மா. மற்றதையெல்லாம் யாராவது கொஞ்சம் கிளறிவிட வேண்டியிருக்கிறது.

வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பீரியடை மாயக் கதைகளுக்கு ஒதுக்கியிருந்தேன். பூதம், ராட்சசன், இளவரசி, பேசும் மாடு, எது வேண்டுமானாலும் வரலாம். ஆனால் கதை சொந்தமாக இருக்க வேண்டும். முதல் வாரம் வந்த தாள்களைப் படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. எல்லாக் கதையிலும் பனி கொட்டியது. எல்லா இளவரசிக்கும் பொன்னிறத்தில் முடி. எல்லாம் செல்போனில் பார்த்த கார்ட்டூன்.

"ஏன்டா, நம்ம ஊர்ல எங்கடா பனி விழுது?" என்று கேட்டேன்.

"ஃப்ரிட்ஜுக்குள்ள விழுது மிஸ்" என்றான் பாண்டி. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அப்பாவோடு பஸ்ஸில் வருகிறவன். பதில் சொல்வதற்கு யோசிக்கவே மாட்டான்.

"அப்ப ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு நாடு இருக்குன்னு எழுது, பாப்போம்."

எழுதினான். தயிர்ச் சட்டி ராணி, மாவுச் சட்டி தளபதி. கரண்ட் போனால் நாட்டில் கலகம். தளபதி பொங்கிப் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு சிம்மாசனம் வரைக்கும் வந்துவிடுகிறார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். கதை நடக்கிற இடத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்ச் சேர முடிய வேண்டும். அதற்கப்புறம் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் இருந்த காலம் போய், ஏழு ஸ்டாப் தாண்டி வெங்காய மூட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஒருத்தி அந்த உயிரைப் பவர் பேங்க்கில் வைத்துவிட்டாள். சார்ஜ் தீர்ந்தால் ராட்சசன் தானாகச் செத்துப்போவான், யாரும் சண்டை போட வேண்டாம் என்றாள். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கற்பனைக்குக் குறைவில்லை. எழுதும்போதுதான் வம்பு. "ஒரு ராஜா இருந்தார். செத்துட்டார். மிஸ், முடிஞ்சிருச்சு" என்று தாளை நீட்டுவார்கள். கையில் பென்சில் ஏறியதும் வாயில் இருந்த கதை சுருங்கிப்போகும். அதனால் முதலில் வாயால் சொல்வது, பிறகு எழுதுவது என்று மாற்றினேன். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரும் தரையில் வட்டமாக உட்காருவோம். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் உம் கொட்ட வேண்டும்.

அங்கேயும் ஒரு சட்டம். ஒரு வரி சொன்னதும் நிறுத்த வேண்டும். வட்டம் முழுவதும் "உம்" என்ற பிறகுதான் அடுத்த வரி. உம் வராவிட்டால் கதை அந்த இடத்திலேயே நிற்கும். கேட்பவர்கள் நடுவில் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி கேட்டால் சொல்கிற பிள்ளை, சரியாகச் சொல்கிறோமா தப்பாகச் சொல்கிறோமா என்று பயந்துவிடும். உம் என்றால் 'கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீ மேல போ' என்று அர்த்தம். அது போதும்.

கரண்ட் போன சாயங்காலம்

உம் கொட்டுவது என் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் உம் கொட்டாமல் கதை கேட்டவர்கள் யார் இருக்கிறார்கள்?

எனக்குக் கதை சொன்னவர் என் அண்ணன் செல்வின். அப்போதெல்லாம் சாயங்காலம் கரண்ட் போவது சாப்பாடு மாதிரி, தவறாது. தெருவே "ஆ" என்று கத்தி ஓயும். பாயில் படுத்துக்கொண்டு அண்ணன் ஆரம்பிப்பார். கொசுவர்த்தியின் சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். உம் சத்தம் ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிடுவார். "யாரு தூங்குனது? அவுங்க எந்திரிச்சாத்தான் இளவரசன் நடப்பான்" என்பார்.

ஒரு நாள் தூங்கியது நான். இளவரசனைக் கிணற்றுக்குள் இறக்கியிருந்தார்கள். மேலே இருந்தவர்கள் கயிற்றை அறுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து எனக்குக் கண் சொருகிவிட்டது. மறுநாள் கரண்ட் போகவில்லை, எல்லோரும் டிவி பார்த்தார்கள். அதற்கடுத்த நாள் வேறு கதை.

போன மாதம் அண்ணனுக்குப் போன் போட்டபோது கேட்டேன். "எந்த இளவரசன்? எந்தக் கிணறு? போடி, காலையில மாத்திரை போட்டேனா இல்லையாங்கிறதே எனக்கு ஞாபகமில்ல" என்றார்.

சிரித்துவிட்டு வைத்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், கதை நடுவில் நின்றுபோவதை என்னால் இன்றைக்கும் தாங்க முடிவதில்லை.

வாசப்படி தாண்டினால்

தனுஸ்ரீ என் வகுப்புக்கு ஜூன் மாதம் வந்தாள். சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா சிம்மக்கல்லில் ஒரு பிளாஸ்டிக் மொத்தக் கடையில் வேலை பார்க்கிறார். அவர்தான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"வீட்டுல எங்க பாஷையில கடகடன்னு பேசுவா மிஸ். தமிழும் நல்லா வரும். வாசப்படி தாண்டுனா வாயைப் பூட்டிக்கிருது" என்றார். "முந்தி இருந்த ஸ்கூல்ல ஒரு வருஷம் பூரா ஒரு வார்த்தை பேசல. டாக்டர்கிட்டயும் காட்டிட்டோம். காதுலயும் நாக்குலயும் ஒண்ணுமில்லைங்கிறாங்க."

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வீட்டு மொழி வேறு, அதனால்தான் என்றார் ஒருவர். செல்போன் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்றார் இன்னொருவர். நாக்கில் வசம்பு தடவச் சொன்னவரும் உண்டு. அந்தப் பிள்ளை ஏன் பேசவில்லை என்பது எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

எழுதுவாள், படிப்பாள், கணக்குப் போடுவாள். வருகைப் பதிவில் பேர் சொன்னால் கையைத் தூக்குவாள். வகுப்பு லீடர் பாத்திமாவின் காதில் மட்டும் ஏதாவது கிசுகிசுப்பாள். கதை வட்டத்தில் அவள் முறை வரும்போது நான் அவளைப் பார்ப்பேன். தலையை ஆட்டி மறுப்பாள். சரி என்று அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவேன்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது, ஈர யூனிஃபார்ம் வாடை. அவள் முறை வந்தது. பழக்கத்தில் நான் அடுத்த பிள்ளையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

"ஒரு பூனை இருந்துச்சு."

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளை நான் கும்பிட வேண்டும். ஒருத்தராவது "ஐ! தனு பேசுறா!" என்று கத்தியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர்கள் கத்தவில்லை. கதை என்றால் உம் என்று பழகிப்போன பிள்ளைகள், சாதாரணமாக "உம்" என்றார்கள். அவள் அடுத்த வரி சொன்னாள். விழாத சாக்பீஸைத் தேடுகிற மாதிரி நான் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன். கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அதிலிருந்து வாரா வாரம் கதை சொன்னாள். அந்த வட்டத்தில் மட்டும். உம் வந்தால் மட்டும்.

இதை எங்கள் பிரின்ஸிபால் ரோஸ்லின் மேடம் நம்பவில்லை. கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். கறாரான ஆள். நானும் சளைத்தவள் கிடையாது, அதனால் எங்கள் இருவருக்கும் வாரம் ஒரு சண்டையாவது இருக்கும். நான் சொன்னதைச் சோதிக்க ஒரு நாள் வகுப்புக்கே வந்தார். அவர் தலையைக் கண்டதும் மொத்தப் பிள்ளைகளும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்று ராகம் போட்டார்கள். "உன் பேர் என்னம்மா?" என்று தனுஸ்ரீயைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். வராந்தாவில் எதிர்ப்படும்போதெல்லாம் மேடம் அதையே கேட்பார். அவளும் அதே தரையைப் பார்ப்பாள்.

பரீட்சை நெருங்கியதும் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நாலாம் வகுப்புல எல்லாத்துக்கும் ஓரல் இருக்கு மெர்சி. அந்த டீச்சர்ஸ் இப்பவே வேணாங்கிறாங்க. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குன்னு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு. அங்க போனா அவளுக்கும் நல்லதுதான். டி.சி. ரெடி பண்ணச் சொல்லிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அவ பேசுறா மேடம். வாராவாரம் கதை சொல்றா."

"நீங்க சொல்றீங்க. நான் என் காதால கேட்கலையே."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "கதைப் போட்டி வருதுல்ல? மேடையில ஏறி நாலு வரி பேசட்டும். அவளா பேசணும். நீங்க அடியெடுத்துக் குடுத்தீங்கன்னா கணக்குல வராது. நாலே வரி மெர்சி. நாலாம் வகுப்புல உட்கார வைக்கிறேன். இல்லேன்னா இந்த டி.சி.யில கையெழுத்துப் போட்டுருவேன்" என்றார்.

அவள் அப்பாவிடம் சொன்னேன். "நாலு வரிதானே மிஸ்?" என்றார். கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "பேசிருவாளா மிஸ்?"

"பேசுவா" என்றேன். அத்தனை தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

தண்ணீர் பாட்டிலை மைக்காகப் பிடித்துப் பழக்கினேன். ஆளில்லாத அரங்கத்தில் மேடை ஏற்றி இறக்கினேன். வகுப்பையே கீழே உட்கார வைத்துக் கதை சொல்ல வைத்தேன். அருமையாகச் சொன்னாள். மைக், மேடை, கூட்டம் என்று பயப்பட வேண்டிய எல்லாவற்றுக்கும் பயந்து முடித்துவிட்டோம். போட்டியன்று அரங்கத்தில் ஒருவரும் உம் கொட்ட மாட்டார்கள் என்பது மட்டும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சபை என்றால் அமைதியாக இருக்க வேண்டும், அதுதானே மரியாதை.

வாயில் விரல்

என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் ஜமுக்காளத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் அதை நம்பியிருக்கலாம். ஆனால் போட்டி தொடங்கும் முன் பி.டி. சார் விசிலோடு வந்து நின்றார்.

"அம்புட்டுப் பேரும் வாயில விரல வைங்க. ஒரு சத்தம் வந்துச்சு, வெயில்ல நிப்பாட்டிருவேன்."

அத்தனை பேரும் வைத்துக்கொண்டார்கள். தனுஸ்ரீ முதல் வரியைச் சொல்லிவிட்டுக் கீழே பார்த்தபோது அவளுக்குத் தெரிந்தது இதுதான். உம் சொல்ல வேண்டிய வாய்கள் எல்லாவற்றின் மேலும் ஒரு விரல்.

பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. பாத்திமா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கண் கேட்டது. பிறகு பாண்டி திரும்பினான். ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. நான் ரோஸ்லின் மேடத்தைப் பார்த்தேன். நடுவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மேடையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கதவோரம் தனுஸ்ரீயின் அப்பா நின்றார். காலி நாற்காலி பக்கத்திலேயே கிடந்தது, அவர் உட்காரவில்லை.

நடுவர்களில் மூத்தவர், ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி, மணியைக் கையில் எடுத்தார். நல்ல மனுஷர்தான். "பயப்படாம கண்டினியூ பண்ணு பாப்பா" என்றார் குழைவாக. தனுஸ்ரீ அவரைப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது அது கிடையாது. உற்சாகப்படுத்துவதாக நினைத்து யாரோ கை தட்டினார்கள். இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்து தட்டினார்கள். கை தட்டினால் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவள் குழம்பிப்போனாள். பாவாடையை ஒரு கையால் கசக்கினாள். கண் இறங்கும் படியைத் தேடியது.

நான் சத்தம் கொடுத்தால் கணக்கில் வராது, டி.சி.தான். சத்தம் கொடுக்காவிட்டால் இறங்கிவிடுவாள், அப்போதும் டி.சி. அதைவிட மோசம், இறங்கினால் இனி எந்த மேடையிலும் ஏற மாட்டாள். வகுப்புக்கு வெளியே தன் கதையைக் கேட்க ஆள் கிடையாது என்று முடிவு கட்டிவிடுவாள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேர் மதுரைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் உம் கொட்டி வளர்ந்தவர்கள். ஒருத்தருக்காவது வாய் வருகிறதா? செல்போனைத் தூக்கிப் பிடிக்க மட்டும் கை வருகிறது.

"உம்" என்றேன்.

பாவாடையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. "அது ஆத்துப் பாலத்துக்குக் கீழ இருந்துச்சு" என்றாள் தனுஸ்ரீ.

அது யார் காதிலும் விழவில்லை. ஏனென்றால் நடுவர் எழுந்துவிட்டார். "மேடம், நோ ப்ராம்ப்டிங். ரூல் தெளிவா இருக்கு."

"நான் என்ன சார் சொல்லிக் குடுத்தேன்? உம்முன்னேன். அதுல எந்த வரி இருக்கு, காட்டுங்க."

"எதுவா இருந்தாலும் டீச்சர் குரல் குடுக்கக் கூடாது. டிஸ்குவாலிஃபை பண்ண வேண்டியிருக்கும்."

"பண்ணிக்கோங்க சார். பிள்ளை பேசிக்கிட்டு இருக்கா, கொஞ்சம் உட்காருங்க."

"மெர்சி" என்றார் ரோஸ்லின் மேடம். ஒரே வார்த்தை. பி.டி. சார் என்னை நோக்கி வந்தார். நடுவர் தாளில் ஒரு கோடு கிழித்தார், அந்தக் கோடு யார் பெயர்மேல் என்று எனக்குத் தெரிந்தது. இந்த அமளியில் மேடையில் இரண்டாவது வரி தன் உம்முக்காக நின்றுகொண்டிருந்தது. அவள் மறுபடியும் படியைப் பார்க்கத் தொடங்கினாள்.

அப்போது ஜமுக்காளத்தில் பாத்திமா விரலை எடுத்தாள். வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுகிற பிள்ளை அவள். இதுவரை ஒரு சட்டத்தையும் மீறியதில்லை.

"உம்" என்றாள்.

அடுத்த நொடி எல்லா விரலும் இறங்கின. "உம்!"

பி.டி. சார் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். இத்தனை பேரை வெயிலில் நிறுத்த இடம் ஏது?

"அதுக்குச் சோறு வேணாம்."

"உம்."

"அது சத்தத்தைத்தான் சாப்பிடும்."

"உம்."

நாலு வரி. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் வரியைத் தவிர எல்லாம் நான் குரல் கொடுத்த பிறகு வந்த வரிகள். அவர் சொன்னபடி பார்த்தால் அவை கணக்கில் வராது.

கேள்வி கேட்கக் கூடாது

கதை போய்க்கொண்டிருந்தது. காலையில் ஆட்டோ ஹாரன், மத்தியானம் சிம்மக்கல் கடைக்காரர்கள் கூவுகிற சத்தம், சாயங்காலம் கண்டக்டர் விசில். பூதம் எல்லாவற்றையும் தின்றது. ஊரில் சத்தமே இல்லாமல் போனது. பாப்பாக்கள் அழுதார்கள், சத்தம் வரவில்லை. அம்மாக்களுக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் பெற்றோர்கள் பக்கமிருந்தும் ஒரு உம் வந்தது. கனமான ஆண் குரல். பிறகு இரண்டு மூன்று பெண் குரல்கள். செல்போன்கள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. நடுவர் மணியைக் கீழே வைத்திருந்தார்.

"அப்ப ஒரு இளவரசி வந்தா. அவ அப்பா பிளாஸ்டிக் கடையில இருக்கார்."

அரங்கம் சிரித்தது. கதவோரம் நின்ற அப்பா சிரிக்கவில்லை. நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உன் சத்தத்தைக் குடுன்னு பூதம் கேட்டுச்சு."

"உம்."

"என்கிட்ட கொஞ்சம்தான் இருக்குன்னு இளவரசி சொன்னா."

"உம்."

"பரவாயில்ல, ஒரே ஒரு வார்த்தை குடுன்னுச்சு. இளவரசி பூதத்தோட வாய்கிட்டப் போயி ஒரு வார்த்தை சொன்னா."

எல்லோரும் உம் கொட்ட மறந்துவிட்டோம். வகுப்பில் இந்தக் கதையைப் பழகியபோது அந்த வார்த்தை ஒவ்வொரு வாரமும் மாறியது. ஒரு வாரம் மிட்டாய், இன்னொரு வாரம் லீவு. இன்றைக்கு என்ன என்று எனக்கே தெரியாது.

"என்ன வார்த்தை?"

கேட்டது ரோஸ்லின் மேடம். நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

தனுஸ்ரீ வாயை மூடிக்கொண்டாள். உன் பேர் என்ன, உன் பேர் என்ன என்று எத்தனையோ முறை கேட்ட அதே குரல். அவள் கண் தரைக்குப் போனது. இவ்வளவு தூரம் வந்து போச்சே என்று நினைத்தேன். அவள் அப்பா நாற்காலியை விட்டுவிட்டு முன்னால் வந்தார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நடைபாதையில் நின்றார்.

ஜமுக்காளத்தில் பாத்திமா முட்டி போட்டு எழுந்தாள்.

"மேடம், கேள்வி கேக்கக் கூடாது மேடம். கேட்டா அவ சொல்ல மாட்டா. உம் மட்டும்தான் சொல்லணும்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையும் ரோஸ்லின் மேடத்தைத் திருத்தியதில்லை. பி.டி. சார் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் பாத்திமாவைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

"உம்" என்றார்.

"மொளகா" என்றாள் தனுஸ்ரீ.

அப்புறம் அவள் உம்முக்குக்கூடச் சரியாக நிற்கவில்லை. "பூதத்துக்குக் காரம் தாங்கல. விக்கல் எடுத்துருச்சு. ஒரு விக்கலுக்கு ஒரு ஆட்டோ ஹாரன் வெளிய வந்துச்சு. அடுத்த விக்கலுக்குப் பஸ் விசில் வந்துச்சு. பாப்பா அழுகை எல்லாம் வந்துச்சு. அம்மாங்க ஓடிப்போயித் தூக்கிக்கிட்டாங்க. பூதம் தண்ணி வேணும்னு ஆத்துக்குள்ள இறங்குச்சு. ஆத்துல தண்ணி இல்ல."

மூச்சு வாங்கினாள்.

"அதனால அது இன்னும் விக்கிக்கிட்டே இருக்கு. அதான் சிம்மக்கல்ல இம்புட்டுச் சத்தம்."

தகரக் கூரை அதிர்ந்தது. வைகையில் தண்ணீர் இல்லாததற்கு மதுரைக்காரர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நடுவரும் சிரித்தார். ஆனால் கிழித்த கோட்டை அவர் அழிக்கவில்லை. பரிசு பனியில் பிறந்த ஒரு இளவரசிக்குப் போனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய்.

கை தட்டல் அடங்கியும் தனுஸ்ரீ மேடையை விட்டு இறங்கவில்லை. எங்கள் வட்டத்தில் கதை முடித்தவர்தான் அடுத்து வருகிறவருக்கு முதல் உம் கொட்ட வேண்டும். அதனால் மைக்குக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றுகொண்டாள். அடுத்துப் படியேறியது ரோஸ்லின் மேடம்.

மேடம் மைக்கைப் பிடித்தார். அது கீச்சென்று கத்தியது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஜமுக்காளத்தைப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போடப்போகும் தாள் மட்டும் என் கண்ணுக்குள் வந்து நின்றது.

"தனுஸ்ரீ ஜூன் மாசம் நாலாம் வகுப்புக்குப் போறா" என்றார்.

"உம்" என்றாள் தனுஸ்ரீ, மைக்குக்கு மிக அருகில்.

மேடம் திகைத்துவிட்டார். அவர் அதோடு முடித்துக்கொண்டு இறங்கத்தான் நினைத்திருந்தார். ஆனால் உம் விழுந்துவிட்டால் அடுத்த வரி சொல்லியாக வேண்டும். தனுஸ்ரீ முகத்தை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜமுக்காளம் முழுக்கக் காத்திருந்தது.

"அவங்க மெர்சி மிஸ்ஸும்..." என்று ஆரம்பித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மெர்சி மிஸ்ஸும் அவகூடவே நாலாம் வகுப்புக்குப் போறாங்க."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடைபாதையில் நின்ற அப்பா, யாருடையது என்றுகூடப் பார்க்காமல் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். மேடையில் தனுஸ்ரீ உம் கொட்டினாள். கீழே வகுப்பே கொட்டியது. நானும் கொட்டினேன்.